பழைய வாக்குகளைப் புதிய விதியில் பங்கிடும் அட்டவணை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் முறையை மாற்றுவது குறித்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையையும், அதனோடு பெட்டிச் செய்தியாக இடம்பெற்ற அட்டவணையையும் படித்தேன். கடந்த தேர்தலில் ஒவ்வொரு கட்சியும் பெற்ற வாக்குகளை எடுத்துக்கொண்டு, கட்சிகள் பெறும் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்களைப் பங்கிடும் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் நடப்பில் இருந்திருந்தால் யாருக்கு எத்தனை இடங்கள் கிடைத்திருக்கும் என்று அந்த அட்டவணை கணக்கிட்டுக் காட்டியது. தேர்தல் சீர்திருத்தம் பேசப்படும் இடங்களிலெல்லாம் இத்தகைய அட்டவணை ஒன்று தலைகாட்டாமல் இருப்பதில்லை. கூட்டல் கழித்தலில் பிழை ஏதும் இல்லை. ஆனால், விதி மாறிய பிறகும் மக்கள் அதே வாக்கை அப்படியே போடுவார்கள், கட்சிகள் அதே அணியில் நிற்கும், அதே வேட்பாளர்கள் அதே விதமாகப் பிரசாரம் செய்வார்கள் என்ற அனுமானத்தின் மேல்தான் அந்தக் கணக்கு முழுவதும் நிற்கிறது. தேர்தல் விதியை மாற்றிப் பார்த்த நாடுகளில் இந்த அனுமானம் பெரும்பாலும் பொய்த்துப் போயிருக்கிறது என்பதே நான் சொல்ல விரும்புவது.

அட்டவணைக்கு உரிய நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வாக்குகள் ஏறத்தாழ மாறாமலிருக்க, விதி மட்டும் மாறியதால் முடிவு தலைகீழான தேர்தல்கள் உண்டு. பிரான்சில் அதிபர் மித்தரானின் ஆட்சி 1986ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலை விகிதாசார முறைக்கு மாற்றியபோது, தேசிய முன்னணிக் கட்சி 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வாக்குகளைப் பெற்று 35 இடங்களைப் பிடித்தது. அடுத்து வந்த வலதுசாரி அரசு பழைய தொகுதிவாரி இரு சுற்று முறையை மீட்டது. 1988இல் அதே கட்சி அதே அளவு வாக்குகளைப் பெற்றது, கிடைத்ததோ ஒரே ஓர் இடம். இலங்கையில் 1977இல் தொகுதிவாரி முறையில் 50.9 சதவீத வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140 இடங்கள் கிடைத்தன. ஏறத்தாழ 30 சதவீத வாக்காளர்களின் ஆதரவு இருந்த ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி எட்டே இடங்களுக்குச் சுருங்க, 18 இடங்களை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சியாக அமர்ந்தது. விகிதாசார முறையில் முதன்முதலாக நாடாளுமன்றத் தேர்தல் நடந்த 1989இல் ஐக்கிய தேசியக் கட்சியின் வாக்கு 50.7 சதவீதம், இடங்கள் 225இல் 125. இந்த அளவுக்கு அட்டவணை உண்மை பேசுகிறது.

பிரெஞ்சு அரசியல் அறிஞர் மொரிஸ் துவெர்ஜே 1950களின் தொடக்கத்திலேயே தேர்தல் விதிகளின் விளைவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். விழுந்த வாக்குகளை விதி எவ்வாறு இடங்களாக மாற்றுகிறது என்பது ஒன்று. அந்த மாற்றத்தை முன்கூட்டியே கணித்து வாக்காளர்களும் கட்சிகளும் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்வது மற்றொன்று. அட்டவணையில் முதலாவது மட்டுமே அகப்படும். இரண்டாவது, வாக்குப்பதிவு நாளுக்கு வெகு முன்பாகவே, தொகுதிப் பங்கீட்டுப் பேச்சுவார்த்தைகளிலும், ‘இவருக்குப் போட்டால் ஓட்டு வீண்தானே’ என்று வாக்காளர் தமக்குள் போடும் கணக்கிலும் நடந்து முடிந்துவிடுகிறது.

வாக்காளர்களின் கணக்கு எவ்வளவு விரைவாக மாறும் என்பதற்கு இஸ்ரேலைப் பார்க்கலாம். சிறு கட்சிகளின் பேரத்தைக் குறைப்பதற்காக, பிரதமரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே கொண்டுவரப்பட்டு 1996இல் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. பிரதமருக்கு ஒரு வாக்குச்சீட்டு, நாடாளுமன்றத்துக்கு ஒரு வாக்குச்சீட்டு. நாடாளுமன்றத் தேர்தலின் விகிதாசார முறை கைவைக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதுவரை, தமக்கு வேண்டியவர் பிரதமராக வேண்டும் என்பதற்காகவே பெரிய கட்சிக்கு வாக்களித்து வந்தவர்கள், இப்போது பிரதமருக்கு ஒரு சீட்டைப் போட்டுவிட்டு, மற்றொரு சீட்டைத் தம் மனத்துக்கு நெருக்கமான சிறு கட்சிக்குப் போட்டார்கள். பெரிய கட்சிகளான தொழிற்கட்சி, லிக்குட் ஆகிய இரண்டும் சேர்ந்து 1992இல் 120இல் 76 இடங்களை வைத்திருந்தன. 1996இல் அது 66 ஆயிற்று. 1999இல் 45 ஆகச் சரிந்தது. எந்த நோய்க்காக மருந்து கொடுக்கப்பட்டதோ அந்த நோய் முற்றியது. 2001இல் அந்த முறையையே கைவிட்டார்கள். 1992ஆம் ஆண்டின் வாக்குகளை வைத்துக்கொண்டு எத்தனை அட்டவணைகள் போட்டிருந்தாலும் இந்தச் சரிவு அவற்றில் தென்பட்டிருக்காது.

கட்சிகளோ வாக்காளர்களைவிட மெதுவாகவே கற்றுக்கொள்கின்றன. போலந்தில் 1991இல் நாடு தழுவிய தடை வரம்பு, அதாவது இடங்களில் பங்கு பெறக் குறைந்தபட்சம் இத்தனை சதவீத வாக்கு வேண்டும் என்ற விதி, ஏதுமின்றி நடந்த தேர்தலில் 29 கட்சிகளும் குழுக்களும் 460 உறுப்பினர் கொண்ட கீழவைக்குள் நுழைந்தன; பாதி கேலியாகத் தொடங்கப்பட்ட பீர் பிரியர்கள் கட்சிகூட 16 இடங்களைப் பெற்றது. அடுத்த தேர்தலுக்குள், தனிக் கட்சிக்கு 5 சதவீதம், கூட்டணிக்கு 8 சதவீதம் என்று வரம்பு விதிக்கப்பட்டது. வலதுசாரித் தலைவர்களுக்கு இந்த விதி தெரியாமல் இல்லை. ஆயினும், மற்றவர் தம் பின்னால் வரட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்து, கடைசியில் தனித்தனியாகவே நின்றார்கள். 1993இல் பதிவான வாக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எந்த இடத்தையும் பெற்றுத்தராமல் வீணாயின. இடதுசாரி ஜனநாயகக் கூட்டணியும் விவசாயிகள் கட்சியும் சேர்ந்து ஏறத்தாழ 36 சதவீத வாக்குகளில் 303 இடங்களை அள்ளிச் சென்றன. நான்கு ஆண்டுகள் கழித்து வலதுசாரிகள் ஒரே அணியாகத் திரண்டு 201 இடங்களுடன் முதலிடத்துக்கு வந்தார்கள். இரண்டு தேர்தல்களுக்கும் இடையே தடை வரம்பு மாறவில்லை, அதை எதிர்கொண்ட விதம்தான் மாறியது. ஒரு சீர்திருத்தத்தை அதன் முதல் தேர்தலை வைத்து எடைபோடுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தமக்கு இலாபம் என்று கணக்குப் போட்டு விதியை மாற்றியவர்கள் தாம் வெட்டிய குழியில் தாமே விழுந்த கதைகளும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கூட்டணி ஆட்சி நடத்திவந்த லிபரல் கட்சியும் கன்சர்வேட்டிவ் கட்சியும், இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்துவிடுவதைத் தடுக்க, வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தன. முதல் விருப்பமானவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டால் அந்த வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும். நம்முடைய ஆதரவாளர்கள் இரண்டாம் விருப்பத்தை நமக்குள்ளேயே மாற்றிப் போட்டுக்கொள்வார்கள் என்பது அவர்களது எண்ணம். 1952இல் நடந்ததோ வேறு. அதுவரை ஒரு பொருட்டாகவே கருதப்படாத சோஷியல் கிரெடிட் கட்சி எல்லாத் தரப்பினரின் இரண்டாம் விருப்பங்களையும், குறிப்பாக இடதுசாரி வாக்காளர்களின் இரண்டாம் விருப்பத்தையும் பெற்று 19 இடங்களுடன் ஆட்சியமைத்தது. இடதுசாரிகளுக்கு 18. விதியை வகுத்த இரண்டு கட்சிகளுக்கும் முறையே 6, 4. இத்தாலியிலும் இதைப் போல ஒன்று நடந்தது. 2006 தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கையில் பெர்லுஸ்கோனி அரசு, முந்தும் அணிக்குக் கீழவையில் 340 இடங்களை உறுதிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. சுமார் 25,000 வாக்குகள் வித்தியாசத்தில் அந்தப் பரிசு எதிரணிக்குப் போய்ச் சேர்ந்தது.

இதுவரை சொன்னவை யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதைப் பற்றியவை. தேர்தல் விதி அதைவிட ஆழமாகத் தொடும் இடம் ஒன்று உண்டு: ஒரு வேட்பாளர் காலையில் எழுந்ததும் யாரைப் போட்டியாளராக நினைக்கிறார், யாரிடம் போய் நிற்கிறார் என்பதை அது தீர்மானிக்கிறது. தங்கள் கட்டுரை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பது என் பெரிய மனக்குறை.

ஜப்பானில் 1993 வரை கீழவைக்குப் பெரும்பாலான தொகுதிகளிலிருந்து 3 முதல் 5 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வாக்காளருக்கோ ஒரே வாக்கு. பெரும்பான்மை பெற நினைக்கும் கட்சி ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு, மூன்று பேரை நிறுத்தித்தான் ஆக வேண்டும். எனவே, லிபரல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளருக்கு முதல் எதிரி சோஷலிஸ்ட் அல்ல, பக்கத்தில் நிற்கும் தன் கட்சிக்காரரே. இருவருக்கும் கொள்கை ஒன்று, தலைவர் ஒருவர். வாக்காளர் இவரை விட்டு அவரை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? சொந்தச் செலவில் ஆதரவாளர் மன்றம் வைப்பது, தொகுதியில் நடக்கும் திருமணங்களுக்கும் இழவுகளுக்கும் உறையுடன் போவது, சாலையும் பாலமும் கொண்டுவந்தது நானே என்று நிறுவுவது ஆகிய வழிகள்தாம் இருந்தன. அதற்கான பணத்துக்கு உட்கட்சிக் கோஷ்டித் தலைவர்களை அண்ட வேண்டும். அவர்கள் நிறுவனங்களை அண்ட வேண்டும். ஊழல் வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்ததற்குத் தனிமனிதர்களின் பேராசை மட்டுமே காரணமல்ல.

1994இல் சட்டம் மாற்றப்பட்டு, 300 ஒற்றை உறுப்பினர் தொகுதிகளும், கட்சிப் பட்டியல்களிலிருந்து விகிதாசாரமாக நிரப்பப்படும் 200 இடங்களுமாக 1996இல் தேர்தல் நடந்தது. கட்சிக்கு ஒரு தொகுதியில் ஒரே வேட்பாளர் என்றானதும், அந்த ஒருவர் யார் என்று முடிவுசெய்யும் அதிகாரம் கோஷ்டிகளின் கையிலிருந்து மேலிடத்துக்கு நகர்ந்தது. 2005இல் அஞ்சல் துறையைத் தனியார்மயமாக்கும் மசோதாவை எதிர்த்து வாக்களித்த சொந்தக் கட்சியினருக்குப் பிரதமர் கொய்சுமி வேட்பாளர் அங்கீகாரத்தை மறுத்து, அவர்களை எதிர்த்துப் புதுமுகங்களை நிறுத்தினார்; பத்திரிகைகள் அந்தப் புதுமுகங்களைக் ‘கொலையாளிகள்’ என்றே அழைத்தன. அத்தேர்தலில் அவரது கட்சி 480இல் 296 இடங்களை வென்றது. பழைய முறையில், ஐந்து உறுப்பினர் தொகுதி ஒன்றில், அந்தக் கலகக்காரர்கள் ஆறில் ஒரு பங்கு வாக்கைத் தக்கவைத்துக்கொண்டு சுயேச்சையாகக்கூட ஜெயித்திருக்க முடியும்; தலைமை இவ்வளவு துணிந்திருக்காது. ஒரு விதி மாற்றம் பத்தாண்டுக்குள் கட்சித் தலைவரின் கையில் சாட்டையைக் கொடுத்தது என்று சொல்லலாம். அது நல்லதா என்பது வேறு கேள்வி. எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை.

இலங்கை இதற்கு நேர் எதிர்த்திசையில் போயிற்று. ஒற்றை உறுப்பினர் தொகுதிகளிலிருந்து மாவட்ட விகிதாசாரப் பட்டியலுக்கு மாறிய அந்நாட்டில், வாக்காளர் முதலில் கட்சிக்கு வாக்களித்துவிட்டு, அக்கட்சிப் பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். ஒவ்வொரு கட்சியும் மாவட்டத்தில் உள்ள இடங்களைவிட மூன்று பேரை அதிகமாக நிறுத்துகிறது. ஆகவே, கட்சி முழு வெற்றி பெற்றாலும் அதன் பட்டியலில் மூவராவது தோற்றுத்தான் தீர வேண்டும். வழக்கமாக அதைவிடப் பலர் தோற்பார்கள். சுவரொட்டியில் கட்சிச் சின்னம் எல்லாருக்கும் ஒன்று. அதன் கீழே பெரிதாக அச்சிடப்படும் விருப்பு எண், அதாவது பட்டியலில் அந்த வேட்பாளருக்கு உரிய எண், மட்டும் வேறு. ஒரே சின்னத்தின் கீழ் நிற்கும் ஒருவர் மற்றவரின் சுவரொட்டியைக் கிழிப்பதும், ஆதரவாளர்கள் தமக்குள்ளேயே அடிதடியில் இறங்குவதும், முன்பு ஒரு தொகுதியைச் சுற்றிவந்தவர் இப்போது ஒரு மாவட்டம் முழுவதும் செலவழிக்க வேண்டியிருப்பதும் இந்த விதியின் பிள்ளைகளே. ஜப்பானில் பல உறுப்பினர் தொகுதியும் ஒற்றை வாக்கும் சேர்ந்து உண்டாக்கிய உட்கட்சிப் பகையை, இங்கே விகிதாசாரமும் விருப்பு வாக்கும் சேர்ந்து உண்டாக்கின. பெயரளவில் இரண்டும் வெவ்வேறு முறைகள். வேட்பாளரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

இத்தாலியில் விருப்பு வாக்கு வேறொரு கோணலுக்கு இடமளித்தது. அங்கே 1991 வரை கீழவைத் தேர்தலில் வாக்காளர் மூன்று அல்லது நான்கு வேட்பாளர்களைப் பெயராலோ பட்டியல் எண்ணாலோ குறிக்கலாம். வாக்கை விலைக்கு வாங்குபவர், ‘நீ 12, 7, 19 என்று இந்த வரிசையில் எழுது, உன் தம்பி 7, 19, 12 என்று எழுதட்டும்’ என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசையைக் கொடுத்துவிட்டு, எண்ணும்போது அந்த வரிசை வெளிவருகிறதா என்று முகவரைக் கொண்டு பார்த்துக்கொள்வார். இரகசிய வாக்கெடுப்பு என்பது சட்டத்தில் மட்டும் இருந்தது. விருப்பங்களை ஒன்றாகக் குறைக்கும் யோசனை 1991 ஜூனில் பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. பாதிப் பேராவது வாக்களித்தால்தான் அது செல்லும் என்பதால், சோஷலிஸ்ட் தலைவர் கிராக்ஸி மக்களைக் கடற்கரைக்குப் போகச் சொன்னார். மக்கள் வாக்குச்சாவடிக்குப் போய், 95 சதவீதத்துக்கும் மேல் ஆம் என்றார்கள். வாக்குச்சீட்டில் எத்தனை பெயர் எழுதலாம் என்ற சின்னஞ்சிறு ஷரத்து, வாக்கு வணிகத்தின் ஒரு முழு வழியை அடைத்தது.

நியூசிலாந்து அனுபவம் இவற்றினும் பொறுமையானது. 1978இலும் 1981இலும் தொழிற்கட்சி நாடளவில் கூடுதல் வாக்குகளைப் பெற்றும் தேசியக் கட்சியே ஆட்சியில் தொடர்ந்தது. 1981இல் 20 சதவீதத்துக்கும் மேல் வாக்கு பெற்ற சோஷியல் கிரெடிட் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். அரசு ஆணையம் ஒன்று 1986இல், வாக்காளர் தொகுதி வேட்பாளருக்கு ஒன்றும் கட்சிக்கு ஒன்றுமாக இரண்டு வாக்குகள் போடும் கலப்பு விகிதாசார முறையைப் பரிந்துரைத்தது. 1992இலும் 1993இலும் இரு பொதுவாக்கெடுப்புகளில் மக்கள் ஒப்புதல் தந்த பின்பு, 1996இல் முதல் தேர்தல் நடந்தது. ஆட்சியமைக்க ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பேரம் நடந்தது; அமைந்த கூட்டணியும் 1998இல் உடைந்தது. அப்போது வாக்கெடுப்பு வைத்திருந்தால் புதிய முறை தூக்கியெறியப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். 2011இல் வைத்தபோது 57 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அது தொடரட்டும் என்றார்கள். இடைப்பட்ட காலத்தில் கட்சிகள் கூட்டணி நடத்தப் பழகியிருந்தன.

விதியின் இடுக்குகளையும் அவை கற்றிருந்தன. அங்கே பட்டியல் இடங்களில் பங்கு பெற ஒரு கட்சிக்கு 5 சதவீத வாக்கு வேண்டும், அல்லது ஒரு தொகுதியிலாவது நேரடியாக வெல்ல வேண்டும். 2008இல் நியூசிலாந்து முதன்மைக் கட்சி 4.07 சதவீதம் பெற்று வெறுங்கையுடன் திரும்பியது; 3.65 சதவீதம் பெற்ற ஆக்ட் கட்சியோ எப்சம் என்ற ஒரே தொகுதியை வென்றதால் ஐந்து இடங்களைப் பெற்றது. எப்சம் தொகுதியில் தேசியக் கட்சியின் ஆதரவாளர்கள் கட்சி வாக்கைத் தம் கட்சிக்கும், தொகுதி வாக்கைக் கூட்டாளியான ஆக்ட் வேட்பாளருக்கும் பிரித்துப் போட்டுவந்ததே இதன் இரகசியம். அந்தத் தொகுதியின் தொகுதி வாக்குகளை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே ஆக்ட் கட்சி பெரும் கட்சி என்று தோன்றும். எந்த விதியின் கீழ் விழுந்தது என்று தெரியாமல் ஒரு வாக்கின் பொருளை அறிய முடியாது.

விதி எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நான் வாதிடவில்லை. பாப்புவா நியூ கினியில் 2002 தேர்தலில் வென்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தத்தம் தொகுதியில் 20 சதவீதத்துக்கும் குறைவான வாக்குகளிலேயே வென்றிருந்தார்கள். வாக்காளர் மூன்று பேரை வரிசைப்படுத்தும் முறை 2007 பொதுத்தேர்தலில் வந்தபோது, வேட்பாளர்கள் பிற குலத்தவரின் இரண்டாம், மூன்றாம் விருப்பங்களையும் நாட வேண்டியிருக்கும், எண்ணிக்கையும் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். வென்றவர்களின் ஆதரவுத் தளம் விரிந்தது உண்மை. ஆனால் 2012இல் வேட்பாளர்களின் எண்ணிக்கை 3,400ஐத் தாண்டியது. இலங்கையிலும், விகிதாசார முறையில் எந்தக் கட்சியும் தனித்து மூன்றில் இரண்டு பங்கைப் பெற முடியாது என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. 2024இல் தேசிய மக்கள் சக்தி 61 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வாக்குகளுடன் 225இல் 159 இடங்களைப் பெற்றது.

தங்கள் கட்டுரையாளர் விகிதாசாரத்தை ஆதரிப்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. இலங்கையில் 1977இல் நடந்தது போல 30 சதவீத வாக்குக்கு எட்டு இடம் என்பது எந்த நாட்டிலும் நியாயமாகாது. ஆனால் ‘விகிதாசாரம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், அவர் எதைப் பரிந்துரைக்கிறார் என்பதே தெரியவில்லை. பட்டியலின் வரிசையைக் கட்சித் தலைமை தீர்மானிக்குமா, வாக்காளர் தீர்மானிப்பாரா? ஒரு மாவட்டத்துக்கு ஐந்து இடங்களா, ஐம்பதா? தடை வரம்பு எவ்வளவு, அது மாவட்டத்துக்கா, நாட்டுக்கா? முதல் கேள்விக்கான பதிலைப் பொறுத்து, உறுப்பினர்கள் மேலிடத்துக்கு அடங்கியவர்களாவார்கள், அல்லது ஒரே கட்சிக்குள் ஒருவரோடொருவர் மோதுபவர்களாவார்கள். மற்ற இரண்டையும் பொறுத்து, சிறு கட்சிகள் தனித்து நிற்குமா, தேர்தலுக்கு முன்பே பெரிய கட்சியின் சின்னத்துக்குள் ஒண்டிக்கொள்ளுமா என்பது முடிவாகும். கட்டுரையாளர் இந்த மூன்றுக்கும் தம் விடையை எழுதி, மாற்றம் எந்தத் தேர்தலிலிருந்து நடைமுறைக்கு வர வேண்டும் என்பதையும், அதை அவையிலுள்ள பெரும்பான்மை மட்டுமே தீர்மானிக்கலாமா, பொதுவாக்கெடுப்பு வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொன்னால், அதன் பிறகு அட்டவணையைப் பற்றிப் பேச நான் தயாராக இருக்கிறேன். அந்தத் தொடர் கட்டுரைக்குத் தாங்கள் இடமளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்